பார்ஸ்னிப் முளைத்த அறை

என் கணவரின் அக்கா இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய மறுநாள் காலை, காப்பி குடித்த கையோடு பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குப் போனார். காலில் என் ரப்பர் செருப்பு. இடுப்பில் கை வைத்தபடி தரையைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், கடைசியில் அண்ணாந்து முருங்கை மரத்தைப் பார்த்தார்.

“இதை யாரு வச்சது?”

“நான்தான் அண்ணி. பையன் பொறந்த வருஷம்.”

“கீழ வெயிலே விழலயே,” என்றார்.

அது வெறும் பேச்சு என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே போய் வேலைக்குக் கிளம்பினேன்.

அவர் கணவர் இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கல்யாணமான புதிதில் அங்கே போன அண்ணி, வட இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரிலேயே காலத்தைக் கழித்துவிட்டு, இனி தனியாக இருக்க முடியாது என்று எங்களிடம் வந்துவிட்டார். அவருடைய ஒரே மகளும் அந்த நாட்டில்தான் இருந்தாள். “கொஞ்ச நாள் மாமா வீட்டுல இருந்துட்டு வாங்கம்மா” என்று அவள்தான் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாளாம். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

கேட்கிற இடத்தில் நான் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்க் காத்தோங்கில், கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் இருக்கும் அந்த வரிசை வீடு என் மாமனார் வாங்கியது. அவர் எழுதி வைத்தபடி பாதி என் கணவருக்கு, பாதி அண்ணிக்கு. நான் ஈசூன் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவள். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு என் அம்மா மாப்பிள்ளையின் வேலையைப் பற்றிப் பேசியதைவிட, “மண்ணு இருக்கிற வீடு” என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டதுதான் அதிகம். சிங்கப்பூரில் அது லேசுப்பட்ட விஷயமில்லை. அந்த மண்ணில் நான் வெண்டை போட்டேன், கத்தரி போட்டேன், சமையல் வாசனைக்குப் பாண்டான் இலை வைத்தேன். தேக்கா சந்தையில் கீரை விற்கிறவர் கொடுத்த ஒரு கிளையை ஊன்றி முருங்கையை மரமாக்கினேன். பக்கத்து வீட்டுச் சீன அம்மா சூப்புக்கு வந்து கீரை கேட்பார். சிராங்கூன் சாலையில் நான் வரவேற்பில் உட்காரும் பல் மருந்தகத்துக்கு வாரம் ஒருமுறை ஒரு பை நிறைய கொண்டுபோவேன்.

அந்த வாரமே ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது அண்ணி கைப்பையிலிருந்து ஒரு விதைப் பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“பார்ஸ்னிப்,” என்றார்.

எனக்கு அந்தப் பெயர் பேரங்காடியில் பார்த்த பழக்கம்தான். கேரட் போலவே இருக்கும், நிறம் மட்டும் வெள்ளை. ஆஸ்திரேலியாவிலிருந்தோ எங்கிருந்தோ வரும். அவர் கணவர் ஒவ்வொரு வசந்தத்திலும் வீட்டுக்குப் பின்னால் அதை விதைப்பாராம். கிறிஸ்மஸ் அன்று பிடுங்கி, எண்ணெய் தடவி, ஓவனில் வைப்பார்களாம்.

“கடையில வாங்கலாம் அண்ணி. நான் வரும்போது வாங்கிட்டு வர்றேன்.”

“கடையில விக்கிறது வெறும் கட்டை. இந்தக் கிறிஸ்மஸுக்கு நம்ம அப்பா வீட்டு மண்ணுலேருந்து எடுக்கணும் தம்பி,” என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார்.

“எடுக்கலாம் அக்கா,” என்றார் அவர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர். யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கம் இல்லாதவர். என்னிடம் மட்டும் அந்தச் சொல் அவருக்குச் சுலபமாக வரும்.

அடுத்த வாரம் ஒருநாள் நான் வேலை முடிந்து வரும்போது வாசலில் லாரி நின்றது. உள்ளே போவதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது; வீட்டுக்குப் பின்னால் வானம் அதிகமாகத் தெரிந்தது. முருங்கை துண்டு துண்டாகக் கிடந்தது. இரண்டு ஊழியர்கள் கிளைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் குழாயைப் பிடித்து மரத்தூளைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்.

“யாரு வெட்டச் சொன்னது?”

“அக்காதான் ஆள் கூப்பிட்டாங்க. பார்ஸ்னிப்புக்கு வெயில் வேணுமாம்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?”

“உன்கிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன் லா.”

அண்ணி சமையலறைக் கதவருகே வந்து நின்றார். “என்னம்மா, ஒரு மரம்தானே. தேக்காவுல முருங்கைக்கீரை கிடைக்காதா? எங்க அப்பா வீட்டுல எனக்கு ஒரு பாத்தி போட இடம் இல்லையா?”

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் குழாயை வேறு பக்கம் திருப்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த இடத்தைக் கழுவ ஆரம்பித்தார்.

ஊழியர்களில் ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அக்கா, கீரை நல்லா இருக்கு. உருவிக் குடுத்துட்டுப் போகவா?” என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசி களைந்தேன்.

அண்ணி பாத்தி போட்டார். மண்ணை ஆழமாகக் கிளறவும் கல் பொறுக்கவும் என் கணவர் கூடவே இருந்தார். எனக்கு ஒரு வெண்டைப் பாத்திக்குக்கூட மண்வெட்டி எடுத்துத் தந்ததில்லை அவர். பார்ஸ்னிப் விதை வேறு மாதிரியானது. பழுப்பாக, தட்டையாக, வெங்காயச் சருகைப் பொட்டுப் பொட்டாக வெட்டி வைத்ததுபோல இருக்கும். எடையே இல்லை. அண்ணி உள்ளங்கையில் கொட்டியபோது ஒரு காற்று வந்து பாதியைத் தூக்கிக்கொண்டு போனது. மீதியை வரிசையாகப் போட்டு, மேலே பொடிமண் தூவினார்.

“மூணு வாரம், நாலு வாரம்கூட ஆகும். அவசரப்படக் கூடாது,” என்றார்.

மரம் இருந்தவரை அந்த இடத்தில் மதியத்திலும் ஈரம் நிற்கும். இப்போது பத்து மணிக்கே மண் வெளுத்துவிட்டது. காலையில் நான் நீர் ஊற்றிவிட்டுப் போனால், திரும்பி வருவதற்குள் மேல்மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அப்புறம் ஒரு நாள் மாலை நம்முடைய மழை, வழக்கம்போல ஆகாயத்தைக் கவிழ்த்துக் கொட்டியது. பாத்தி கரைந்து வேலியோரம் போய்ச் சேர்ந்தது. நாலு வாரம் கடந்தும் கோரைப்புல்தான் முளைத்தது.

“நீ மேலேருந்து தண்ணி ஊத்துற. விதை அடிச்சிட்டுப் போயிடுது,” என்றார் அண்ணி. “அங்க அவர் பூப்போல தெளிப்பார்.”

இரண்டாவது தடவை விதைத்து, அண்ணியே தெளித்தார். அதுவும் வரவில்லை. அதற்கு மட்டும் காரணம் மண் என்று சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் தோட்டத்துக்கே போகவில்லை. ஏர்கானைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அறையிலேயே கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால், “வச்சிட்டுப் போம்மா” என்பார். ஒருநாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது என் கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்தால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

“நீ வச்சா எதுவும் முளைக்கும். இதையும் முளைக்க வச்சிக் குடேன்.”

“நானா?”

“அக்கா முகத்தைப் பாக்க முடியல. இருக்கிற கொஞ்ச விதையும் வீணாப்போனா ஒடைஞ்சிடுவாங்க. ப்ளீஸ் லா.”

மரத்தைப் பற்றி அவர் இதுவரை ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் வேறு மாதிரி கேட்டிருப்பேன். இருந்தாலும் சரி என்றேன். அண்ணி மேல் இரக்கம் இருந்தது உண்மை. இந்த வீட்டில் ஒரு விதை யார் கையில் முளைக்கிறது என்று அவர்கள் இரண்டு பேரும் பார்க்கட்டும் என்பதும் உண்மை.

மதியம் அந்த மண்ணில் கை வைத்தால் சுட்டது. குளிர்நாட்டு விதை, வெந்துதான் போயிருக்கும். அதனால் மண்ணே வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒரு சாப்பாட்டு டப்பாவில் சமையலறைக் காகிதத்தை நனைத்துப் பிழிந்து விரித்து, விதைகளை ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே இன்னொரு ஈரக் காகிதம் மூடி வைத்தேன். குளிர்ப்பெட்டியில் கொஞ்சம் வைத்துப் பார்த்தேன். அது ரொம்பக் குளிர், அப்படியே கிடந்தது. வீட்டில் பகலும் இரவும் ஒரே மாதிரி குளிர்ந்திருக்கிற இடம் ஒன்றுதான். அண்ணியின் அறை.

தினமும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு உள்ளே போவேன். அலமாரி மேல் இருந்த டப்பாவைத் திறந்து காற்று காட்டி, காகிதம் காய்ந்திருந்தால் விரலால் நீர் உதறி, மூடி வைப்பேன். முதலில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குவதுபோலப் படுத்திருப்பார். பிறகு பேச ஆரம்பித்தார். திரும்பாமலேயே பேசுவார்.

“வந்துடுச்சா?”

“இன்னும் இல்ல அண்ணி.”

“அங்க எனக்கு ரொம்பச் சத்தமில்லாமப் போச்சும்மா. கெட்டில் சத்தம் மட்டும்தான். அதான் வந்துட்டேன்.”

இன்னொரு நாள், தன் மகள் வாரம் முழுக்கக் கூப்பிடவில்லை என்றார். இன்னொரு நாள், கணவர் கடைசியாக விதைத்த பார்ஸ்னிப்பைத் தான் பிடுங்கவே இல்லை, அது பூத்து, காய்த்து, அதில் சேர்த்த விதையைத்தான் கொண்டுவந்ததாகச் சொன்னார். பாக்கெட் மட்டும் பழைய கடைப் பாக்கெட்டாம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சாயம் போன தலைமுடி, கண்ணாடி போடாத கண்.

“அந்த மரத்தை வெட்டினதுல உனக்குக் கோபமா?”

எத்தனை நாளாக நான் அந்தக் கேள்விக்குக் காத்திருந்தேன். கேட்டபோது அவர் கிழவியாக, போர்வைக்குள் இருந்தார்.

“இல்ல அண்ணி,” என்றேன்.

“அப்போ சரி,” என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த ‘இல்ல’வை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அது பெருந்தன்மை என்று எனக்கே தோன்றியது. ஒரு ஆளுக்குச் சுலபமான வழியைத் திறந்துவிட்டால் அவர் அதில் நடந்து போய்விடுவார், அவ்வளவுதான்.

மூன்று வாரம் தாண்டி ஒரு காலை டப்பாவைத் திறந்தால், ஒரு விதையின் ஓரத்தில் வெள்ளையாக நூல் நுனி போல ஒன்று எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று. “அண்ணி” என்று கூப்பிட்டேன். அவர் எழுந்து கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் தலையை ஒட்டிவைத்துக் குனிந்து பார்த்தோம். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு நான் வேலைக்குத் தாமதமாகப் போனேன், அதைப் பற்றிக் கவலைப்படவும் இல்லை. அந்தச் சில நிமிடங்களை நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

மாலையில் வந்தபோது அவர் மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். “ஆமா, நானேதான் முளைக்க வச்சேன். ரூம்லயே வச்சு. உங்கப்பா விதை, வராமப் போயிடுமா?” என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

கழிவறைக் காகிதம் தீர்ந்தால் மிஞ்சுகிற அட்டைக் குழாய்களைச் சேர்த்து வைத்திருந்தேன். பார்ஸ்னிப்புக்கு வேர்தான் எல்லாம். அதை ஒருமுறை அசைத்தால் பிறகு நேராக இறங்காது. அதனால் குழாய்களில் மணல் கலந்த மண்ணை நிரப்பி, ஒவ்வொரு முளையையும் புருவமுடி எடுக்கும் சாமணத்தால் எடுத்து, வேர் கீழே பார்க்க வைத்தேன். இரண்டு இலை விட்டதும் குழாயோடு பாத்தியில் இறக்கினேன். முதல் நாள் வெயிலிலேயே ஓரங்கள் கருகின. என் கணவர் போய் நிழல்வலை வாங்கிவந்து, மரம் இருந்த இடத்துக்கு மேல் நாலு கம்பு நட்டுக் கட்டினார். கட்டும்போது அவருக்கு எதுவும் தோன்றியதாகத் தெரியவில்லை.

நட்டுப் பத்து நாள்கூட ஆகியிருக்காது, மகளிடமிருந்து போன் வந்தது. அவள் உண்டாகியிருந்தாள், டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார், அம்மா உடனே வர வேண்டும். அண்ணிக்கு ஒரே நாளில் பத்து வயது குறைந்துவிட்டது. பெட்டியைக் கட்டினார், தேக்காவுக்குப் போய்ப் புடவை, மசாலா எல்லாம் வாங்கினார். போகிற அன்று டாக்சியில் ஏறும்போது என் கையைப் பிடித்தார்.

“பார்ஸ்னிப்பைப் பாத்துக்கோ. வாராவாரம் போட்டோ அனுப்பு.”

“எப்ப வருவீங்க அண்ணி?”

“கிறிஸ்மஸுக்கு வந்து நானே பிடுங்குறேன், பாரு.”

நான் பார்த்துக்கொண்டேன். காலையில் வேரடியில் மட்டும் நீர், மதியம் வலை, மழைக்கு முன்னால் ஓடிப்போய் பிளாஸ்டிக் விரிப்பு. மருந்தகத்தில் உட்கார்ந்திருக்கும்போது வானம் இருட்டினால் வீட்டுக்குப் போன் செய்வேன். என் கணவர் “இதோ” என்பார், பெரும்பாலும் தூங்கிப்போவார். வாராவாரம் படம் அனுப்பினேன். முதலில் பதில் வந்தது. பிறகு பார்த்துவிட்டதற்கான இரண்டு நீலக் குறி மட்டும் வந்தது.

செடி அடர்ந்தபோது, பழுத்த இலைகளைக் கிள்ளி எடுக்க ஒரு ஞாயிறு காலை வெகுநேரம் வெயிலில் குனிந்திருந்தேன். மறுநாள் இரண்டு முன்கையிலும் எரிச்சல். அதற்கு அடுத்த நாள் நெருப்பு பட்டதுபோல நீர்க் கொப்புளங்கள். வேலையிடத்தில் பல் டாக்டரே பயந்துபோய், தோல் டாக்டரிடம் போகச் சொன்னார். அவர் என்ன செடியைத் தொட்டீர்கள் என்று கேட்டுவிட்டு, அந்த இலைச் சாறு தோலில் பட்டு வெயிலும் பட்டால் இப்படித்தான் வெந்துபோகும் என்றார். நான் அண்ணிக்குப் போன் செய்து சொன்னேன்.

“ஐயோ, சொல்ல மறந்தே போச்சு. நாங்க எப்பவும் க்ளவ்ஸ் போட்டுக்குவோம், முழுக்கை சட்டையும்,” என்றார். அவருக்குப் பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. “செடி நல்லா இருக்கில்ல?”

கொப்புளம் ஆறிய இடங்களில் பழுப்புத் தழும்பு விழுந்தது. புடவை கட்டும்போது மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை போட்டுக்கொள்ள ஆரம்பித்தேன்.

அண்ணி கிறிஸ்மஸுக்கு வரவில்லை. வரவில்லை என்று சொல்லவும் இல்லை. பேத்தி குறைமாதத்தில் பிறந்து, நன்றாக இருந்தாள். என் கணவருக்குத் தினமும் படம் வந்தது. நான் கையுறை மாட்டிக்கொண்டு போய் தோட்டத்து முள்கரண்டியால் மண்ணைத் தளர்த்திப் பிடுங்கினேன். என் கட்டைவிரல் பருமன், சிலது அதுவும் இல்லை. பல வேர்கள் பாதியில் இரண்டாக, மூன்றாகப் பிளந்து காலை மடித்துக்கொண்டு இருந்தன. கழுவி, தட்டில் அடுக்கி, படம் எடுத்து அனுப்பினேன்.

இந்தத் தடவை பதில் உடனே வந்தது. ஒரு சிரிக்கும் முகம். “ஐயோ பாவம், இவ்ளோ குட்டியா?” என்று எழுதியிருந்தார். கூடவே அவர் வீட்டு மேசையின் படம்: பெரிய தட்டு நிறைய, பொன்னிறமாக வறுத்த பார்ஸ்னிப். “நாங்க இந்த வருஷம் கடையில வாங்கிட்டோம். பாப்பாவை வச்சிக்கிட்டு எங்க நேரம். ரொம்ப நல்லாயிருக்கு.”

எங்களுடையதை நான் சின்னச் சின்னதாக நறுக்கி, காய்ந்த மிளகாய் தாளித்துப் பொரியல் செய்தேன். என் கணவர் ஒரு வாய் சாப்பிட்டார்.

“இனிப்பே இல்ல. நடுவுல நார் நாரா இருக்கு.”

“ஆமா.”

“அக்கா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க.”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“மரத்தை வெட்டின அன்னிக்கு நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“எந்த மரம்?”

கொஞ்ச நேரத்தில் அவருக்கே ஞாபகம் வந்தது. “ஓ, முருங்கையா? நீயும்தான் ஒண்ணும் சொல்லலயே. அக்கா கேட்டதுக்குக் கோபமில்லன்னு சொன்னியாம். அவங்களே என்கிட்ட சொன்னாங்க.” சொல்லிவிட்டு ரசத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பொங்கல் முடிந்ததும் தோட்டம் முழுக்க டைல்ஸ் போட ஆள் பேசினேன். வெண்டைக்கும் கத்தரிக்கும்கூட இடம் வைக்கச் சொல்லவில்லை. என் கணவர் முதலில் விளையாட்டு என்று நினைத்தார். சிமெண்ட் மூட்டைகள் வந்து இறங்கியதும், “அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமே” என்றார்.

“கேளுங்க,” என்றேன்.

என் எதிரிலேயே கூப்பிட்டார். மறுப்பார், அழுவார், எங்க அப்பா வீட்டு மண் என்பார் என்று நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேனா, ஆசைப்பட்டேனா, தெரியவில்லை.

“போட்டுடுங்க தம்பி, அதான் வசதி. கூட்டிவிட்டா போதும்,” என்றார் அண்ணி. குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. அவர் வைத்துவிட்டார்.

சாம்பல் நிற டைல்ஸ். பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். இப்போது அங்கே துணி காயப்போடும் கம்பி வைத்திருக்கிறேன். மறைக்க ஒன்றுமில்லாத வெயில். காலையில் போட்டால் பத்து மணிக்கெல்லாம் காய்ந்துவிடுகிறது. என் கணவருக்கு அதில் ரொம்பத் திருப்தி.